குல்மார்க் பனிச்சறுக்குக்கு நம்ம ஊர் காட்டன் தெர்மல் போதுமா?

கோபிசெட்டிபாளையத்தில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஜனவரிக் கடைசியில் கணவர், பதினொரு வயது மகன், தான் என மூன்று பேராகக் காஷ்மீரில் உள்ள குல்மார்க் போகிறார்கள். ஐந்து நாள் பனிச்சறுக்குப் பயிற்சி, மூவருக்கும் இதுதான் முதல் தடவை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் தம்பி, நல்ல கெட்டியான காட்டன் இன்டர்லாக் (இரட்டைப் பின்னல்) தெர்மல், அதாவது குளிருக்கு உள்ளே போடும் உடை, ஆளுக்கு இரண்டு செட் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் ஊட்டியில் வாங்கிய ஸ்வெட்டர், அதற்கும் மேல் ஒரு தடித்த ஜாக்கெட் என்று திட்டம். ‘இது போதுமா, இன்னும் எத்தனை அடுக்கு போடணும், ஜாக்கெட் எவ்வளவு தடிமனா இருக்கணும்?’ என்பது கேள்வி.

அவர் கேட்டது எத்தனை அடுக்கு என்று. ஆனால் அவருக்குத் தெரிய வேண்டியது எந்த அடுக்கு எதனால் ஆனதாக இருக்க வேண்டும் என்பது. அது சரியாக இருந்தால் மூன்றே அடுக்கு போதும். தவறாக இருந்தால் ஆறு போட்டாலும் நடுங்குவீர்கள். முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன்: தம்பி தரும் காட்டன் தெர்மலைச் சறுக்கப் போகும்போது போடாதீர்கள். அறையில் போட்டுத் தூங்க அது அருமையான துணி, கட்டாயம் எடுத்துப் போங்கள். பனியில் மட்டும் வேண்டாம்.

நான் திருப்பூரில் இருபத்து நான்கு வருடமாகத் துணியோடு இருக்கிறேன். நிட்டிங்கில் தொடங்கி, டையிங்கைப் பார்த்து, இப்போது துணிப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். குளிர்நாடுகளுக்குப் போகும் உள்ளாடைத் துணிகள் என் கை வழியாக நிறையப் போயிருக்கின்றன. அதனால் துணியைப் பற்றிக் கீழே சொல்வதெல்லாம் தொழிலில் கற்றது. பனியைப் பற்றிச் சொல்வது குல்மார்க்கில் இரண்டு முறை போய்க் கற்றுக்கொண்ட இருபது நாள் அனுபவம், அவ்வளவுதான். பனி விஷயத்தில் உங்கள் பயிற்சியாளர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

துணி சூடு தரும் என்று நாம் பேச்சுவழக்கில் சொல்கிறோம். துணி சூடு தருவதில்லை. சூடு உங்கள் உடம்பில்தான் உண்டாகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் ஏறத்தாழ 100 வாட் அளவுக்கு வெப்பம் விடுகிறார், பழைய குண்டு பல்பு மாதிரி. மேட்டில் மூச்சு வாங்க ஏறும்போது அது ஐந்தாறு மடங்கு ஆகும். துணியின் வேலை அந்தச் சூடு ஓடிப்போகாமல் பிடித்து வைப்பது. அதையும் நூல் செய்வதைவிட, நூலுக்கு இடையில் அசையாமல் நிற்கும் காற்று செய்வதுதான் அதிகம். அசையாத காற்றைப்போல் வெப்பத்தைத் தடுக்கும் மலிவான பொருள் வேறு இல்லை. அந்தக் காற்றிடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் கதையே மாறிவிடும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 24 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அது போதாதென்று, ஈரம் ஆவியாகும்போது உடம்பில் இருந்தே வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் மண்பானைத் தண்ணீர் குளிர்வதும், வேர்த்த பனியனோடு ஃபேன் அடியில் நின்றால் சிலிர்ப்பதும் இதனால்தான். கோபியில் அது சுகம். குல்மார்க்கில் அதுதான் ஆபத்து.

‘அவ்வளவு குளிரில் வேர்க்குமா?’ என்று நீங்கள் கேட்கலாம். முதல் முறை போகிறவர்களுக்குத்தான் அதிகமாக வேர்க்கும். நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர் லிஃப்டில் ஏறி, சொகுசாக இறங்கி வருகிறார். கற்றுக்கொள்கிறவர் காலில் நீளப் பலகையைக் கட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நண்டு மாதிரி ஒவ்வொரு அடியாக மேட்டில் ஏறுகிறார். பத்து விநாடி சறுக்கி விழுகிறார், எழ முடியாமல் புரண்டு எழுகிறார், மறுபடி ஏறுகிறார். உழவு ஓட்டுகிற மாதிரி வேலை அது. அப்புறம் குழுவில் எல்லோருக்கும் முறை வரும்வரை அப்படியே நிற்கிறார். உடம்பு நன்றாகச் சூடாகி நனைவது, பிறகு அசையாமல் நிற்பது, இது இரண்டும் மாறி மாறி நாள் முழுக்க நடக்கும்.

நான் முதல் தடவை போனபோது நாங்களே ஓட்டிய துணியில், நூறு சதவீதம் கோம்டு காட்டன் இன்டர்லாக்கில் தைத்த முழுக்கை உள்பனியனைப் போட்டுக்கொண்டு போனேன். துணி தெரிந்த ஆள் நான், இருந்தும் என் கைத்துணி மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. பதினோரு மணிக்குள் முதுகு முழுக்க நனைந்துவிட்டது. என் முறைக்காக இருபது நிமிடம் நின்றேன். முதல் ஐந்து நிமிடம் இதமாக இருந்தது. அதன்பிறகு முதுகில் ஈரச்சாக்கை ஒட்டி வைத்த மாதிரி ஆகி, தாடை அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. மேலே போட்டிருந்த ஜாக்கெட் நல்ல கனமானதுதான். ஆனால் குளிர் வெளியில் இருந்து வரவில்லை, உள்ளேயே இருந்தது. அன்று மதியத்துக்கு மேல் நான் பனியில் கால் வைக்கவில்லை. இரவு அறையில் அடுப்புக்குப் பக்கத்தில் கொடியில் போட்டும், காலையில் அக்குளும் கழுத்துப்பட்டியும் ஈரமாகவே இருந்தன.

காட்டன் கெட்ட துணி என்று சொல்ல வரவில்லை. நம்ம ஊர் வெயிலுக்கு அதைவிட்டால் வேறு துணி இல்லை. வேர்வையை உறிஞ்சித் தனக்குள் வைத்துக்கொண்டு மெதுவாகக் காயும் குணம்தான் நமக்கு இங்கே வேண்டியது, அதே குணம்தான் அங்கே எதிரி. ஆய்வுக்கூடத்தில் 65 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் துணியை வைத்து, அது எவ்வளவு ஈரத்தை எடுக்கிறது என்று எடை போடுவோம். காட்டன் தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம் எடுக்கும், கம்பளி 16 வரைக்கும் போகும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூட எடுக்காது. இதைப் பார்த்தால் காட்டனைவிடக் கம்பளி மோசம் என்றுதான் தோன்றும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. கம்பளி எடுத்துக்கொள்வது ஆவியை. அதை இழையின் உள்ளே வைத்துக்கொள்ளும், இழையின் வெளித்தோல் தண்ணீரை ஒட்டவிடாது. இழைகள் சுருள் சுருளாக இருப்பதால் ஈரமானாலும் துணி படுத்துவிடாது, இடையில் காற்று நிற்கும். ஈரத்தை வாங்கும்போது கம்பளி கொஞ்சம் வெப்பத்தையும் விடுகிறது, இதை அளந்தே காட்டலாம். காட்டன் நனைந்தால் படுத்துத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பாலியஸ்டர் மூன்றாவது வகை. இழை தண்ணீரைக் குடிக்காது, ஆனால் மெல்லிய இழைகளுக்கு நடுவில் உள்ள சந்துகள் வழியாக, விளக்குத்திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி, வேர்வையை உள்ளிருந்து வெளிப்பக்கம் கடத்தும். அங்கே அது பரவிச் சீக்கிரம் காயும்.

காங்கேயம், தாராபுரம் பக்கம் ஆடு மேய்க்கிற பெரியவர்கள் தோளில் ஒரு கருப்புக் கம்பளி கிடக்கும், பார்த்திருப்பீர்கள். ஐப்பசி மழையில் அதைத் தலையோடு போர்த்திக்கொண்டு நிற்பார்கள். மேலே சொட்டச் சொட்ட நனைந்திருந்தாலும் உள்ளே கதகதப்பு போகாது. அதே மழையில் நான்குமுழ வேட்டியைப் போர்த்திக்கொண்டு நின்று பாருங்கள். ஆய்வுக்கூடம் இல்லாமலேயே அவர்களுக்கு இது தெரியும்.

அதனால் தோலை ஒட்டிய முதல் அடுக்கு பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி. இதுவரை சொன்னது உறுதியானது. இந்த இரண்டில் எது மேல் என்பதில் மட்டும் ஆளுக்கு ஒரு கருத்து உண்டு, ஒரே பதில் கிடையாது. மெரினோ என்பது 17, 18 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவுக்கு மெல்லிய இழை, அதனால் குத்தாது. 30 மைக்ரானுக்கு மேல் போனால்தான் நம்ம ஊர்க் கம்பளி மாதிரி நறநறவென்று குத்தும். மெரினோ மூன்று நாள் போட்டாலும் நாற்றம் பிடிக்காது. விலை அதிகம், சீக்கிரம் ஓட்டை விழும், காய நேரம் எடுக்கும். பாலியஸ்டர் மலிவு, உழைக்கும், இரவில் அலசிப் போட்டால் காலையில் காய்ந்திருக்கும், ஒரே நாளில் நாறும். அதிகமாக வேர்க்கும் ஆளுக்குப் பாலியஸ்டரும், சட்டெனக் குளிர் பிடிக்கும் ஆளுக்கு மெரினோவும் பொருந்துவதாக நான் பார்த்த அளவில் தோன்றுகிறது. வருடத்தில் ஐந்து நாள் போடுவதற்கு, மூன்று பேருக்கு, மெரினோவில் காசைப் போட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இங்கேதான் உங்கள் தம்பி உதவ முடியும். விளையாட்டு உடைக்கு ஓட்டும் மைக்ரோ பாலியஸ்டர் இன்டர்லாக் இப்போது திருப்பூரில் நிறைய ஓடுகிறது. 150 முதல் 200 ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணிக்கு அத்தனை கிராம் எடை, போதும். நம்ம ஊரில் ஜி.எஸ்.எம். ஏறினால் சூடு ஏறும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. முதல் அடுக்கில் அது எடுபடாது. அதன் முதல் வேலை வேர்வையைக் கடத்துவது, தடித்தால் காயும் நேரம்தான் கூடும். உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும், ஆனால் இறுக்கக் கூடாது. தொளதொளவென்று இருந்தால் வேர்வை துணிக்கு வந்து சேராமல் தோலிலேயே வழியும். தையல் பிளாட்லாக்காக, அதாவது தடிப்பில்லாத தட்டைத் தையலாக, இருந்தால் தோள்பட்டையில் அழுத்தாது. காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சத்தில் வாங்கினாலும் சரி, உள்லேபிளில் இழை விகிதத்தைப் படித்துப் பாருங்கள். ‘தெர்மல்’ என்று பெட்டியில் போட்டிருப்பது ஒரு பெயர்தான், அது எந்த இழை என்று சொல்லாது. காட்டன் பாதி, பாலியஸ்டர் பாதி என்று இருந்தால் அதையும் காட்டனாகவே எண்ணுங்கள். துவைக்கும்போது மணம் வரப் போடும் சாஃப்ட்னர் ஊற்றாதீர்கள். அது இழை மேல் ஒரு படலமாகப் படிந்து, வேர்வை கடத்தும் வேலையையே கெடுத்துவிடும்.

இரண்டாவது அடுக்குக்கு ஃப்ளீஸ். இந்தச் சொல்லில் ஒரு குழப்பம் இருப்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். திருப்பூரில் யாரிடமாவது ஃப்ளீஸ் கேட்டால், அவர் எடுத்துத் தருவது பெரும்பாலும் த்ரீ திரெட் ஃப்ளீஸ். முன்பக்கம் வழவழப்பாக, உள்பக்கம் ரைசிங் போட்டுப் பஞ்சு எழுப்பிய ஸ்வெட்ஷர்ட் துணி. ஹூடி தைப்பது அதில்தான். தொட்டால் மெத்தென்று, பார்த்தாலே கதகதப்பாக இருக்கும். ஆனால் அது காட்டன், அல்லது காட்டன் கலந்தது. நனைந்தால் சாக்கு மாதிரி கனக்கும். மலைக்காரர்கள் ஃப்ளீஸ் என்று சொல்வது போலார் ஃப்ளீஸை. முழுக்கப் பாலியஸ்டர், இரண்டு பக்கமும் பஞ்செழுப்பி வெட்டிச் சமப்படுத்தியது. 1979ல் அமெரிக்காவின் மால்டன் மில்ஸ் அதைக் கொண்டுவந்தது, கம்பளியின் குணத்தை எடை இல்லாமல் தருவதுதான் நோக்கம். கையில் எடுத்தால் உருவத்துக்குக் கனமே இருக்காது. தம்பியிடம் கேட்கும்போது ‘போலார் ஃப்ளீஸ், நூறு சதவீதம் பாலியஸ்டர்’ என்று முழுப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 200 ஜி.எஸ்.எம். அளவில் ஜிப் வைத்தது ஒன்று ஆளுக்குப் போதும். ஜிப் முக்கியம், ஏறும்போது திறந்துவிட வேண்டும்.

ஊட்டி ஸ்வெட்டரை என்ன செய்வது? அது கம்பளியா அக்ரிலிக்கா என்று பார்த்துவிடுங்கள். சீசன் கடைகளில் கம்பளி என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். உள்தையலில் இருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, வெளியில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளியானால் முடி கருகுகிற நாற்றம் அடித்து, தானே அணைந்து, சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகி எரிந்து கெட்டியான கருப்பு மணியாக நிற்கும். அக்ரிலிக் என்றாலும் தூக்கிப் போட வேண்டாம், ஃப்ளீஸுக்குப் பதிலாக ஒரு நாள் போடலாம். தண்ணீரைக் காட்டன் அளவுக்குக் குடிக்காது. பின்னல் இடைவெளி பெரிதாக இருப்பதால் காற்று உள்ளே புகுந்துவிடும், மேலே மூன்றாவது அடுக்கு இருந்தால் அது பிரச்சினை இல்லை.

அந்த மூன்றாவது அடுக்கைத்தான் நீங்கள் ‘தடித்த ஜாக்கெட்’ என்று நினைத்திருக்கிறீர்கள். அது தடிப்பாக இருக்க வேண்டியதே இல்லை. மார்கழி விடியலில் டூவீலரில் பல்லடம் ரோட்டில் போகிறவர்கள் சட்டைக்குள் நெஞ்சில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தாளில் என்ன சூடு இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஆனால் காற்றை நிறுத்துகிறது, உள்ளே சூடான காற்றைக் கலைக்கவிடாமல் காக்கிறது. வெளி ஜாக்கெட்டின் வேலை அதேதான். வெப்பமானியில் மைனஸ் 5 டிகிரி இருக்கும்போது 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 13 மாதிரி. மைனஸ் 10 என்றால் ஏறத்தாழ மைனஸ் 20. நீங்கள் சறுக்கிக்கொண்டு போகும் வேகமும் காற்றோடு சேரும். அதனால் காற்று புகாத, உருகும் பனி ஊறாத, ஆனால் உள்ளிருக்கும் வேர்வை ஆவியை வெளியே விடும் ஜாக்கெட் வேண்டும்.

ஆவியை வெளியே விட வேண்டும் என்பதால் டூவீலர் ரெயின்கோட்டை எடுத்துப் போக வேண்டாம். அது தண்ணீரை விடாது, ஆவியையும் விடாது. ஒரு மணி நேரத்தில் உள்ளே மழை பெய்யும். தண்ணீரைத் தடுத்து ஆவியை மட்டும் விடும் படலம் 1969ல் பாப் கோர் என்ற அமெரிக்கர் டெஃப்லான் வகைப் பொருளைச் சட்டென இழுத்துப் பார்த்தபோது கிடைத்தது. அதில் உள்ள நுண்துளைகள் தண்ணீர்த்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை, ஆவி வெளியேறும் அளவுக்குப் பெரியவை. இப்போது அதே வேலையைச் செய்யும் மலிவான பூச்சுகளும் வந்துவிட்டன. லேபிளில் 10,000 மி.மீ. என்று போட்டிருந்தால், அத்தனை உயரத் தண்ணீர்த்தூணின் அழுத்தத்தை அந்தத் துணி தாங்கியது என்று பொருள். பனியில் விழுந்து புரளும் ஆளுக்கு அந்த அளவு இருப்பது நல்லது. அக்குளில் திறக்கும் ஜிப், இடுப்பில் பனி புகாமல் தடுக்கும் எலாஸ்டிக் பட்டி, கையுறைக்கு மேல் இறங்கும் மணிக்கட்டு, இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இதை நீங்கள் வாங்கவே வேண்டாம். குல்மார்க்கில் பலகை, பூட்ஸோடு ஜாக்கெட்டும் பேன்ட்டும் வாடகைக்குக் கிடைக்கும். காசை உடம்போடு ஒட்டுகிற பொருட்களில் போடுங்கள், வெளிச்சட்டை வாடகைக்கு எடுங்கள்.

ஒரே ஒரு தடித்த ஜாக்கெட்டில் என்ன தப்பு என்றால், அதற்கு இரண்டே நிலைதான், போடுவது, கழற்றுவது. ஏறும்போது போட்டிருந்தால் வேகும், கழற்றினால் காற்று அறையும். அடுக்காக இருந்தால் நடுவில் ஒன்றைத் திறக்கலாம், குறைக்கலாம். காஷ்மீர்க்காரர்கள் போடும் ஃபெரானைக் கவனியுங்கள். முழங்காலுக்குக் கீழ்வரை தொங்கும் தொளதொளவென்ற கம்பளி அங்கி. அதற்குள் கையை இழுத்துக்கொள்வார்கள், கரி போட்ட காங்கிரிச் சட்டியை உள்ளேயே பிடித்துக்கொள்வார்கள். டிசம்பர் 21ல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரை அவர்கள் சில்லை கலான் என்கிறார்கள், நீங்கள் போவது அதன் வால்பகுதியில். அந்தக் குளிரை ஊரே உள்காற்றை வைத்துத்தான் தாண்டுகிறது. அந்த உடை நிற்பதற்கும் நடப்பதற்கும் ஆனது, பலகை கட்டிக்கொண்டு சறுக்குவதற்கு அல்ல.

நிற்கும் நேரத்துக்கு என்று ஒரு பஞ்சு ஜாக்கெட் பையில் இருக்கட்டும். உங்களிடம் இருக்கும் தடித்த ஜாக்கெட் இதற்குப் பயன்படும். முறைக்காகக் காத்திருக்கும்போது எல்லாவற்றுக்கும் மேலே போடுங்கள், உங்கள் முறை வந்ததும் கழற்றிவிடுங்கள். வாத்து இறகு அடைத்ததாக இருந்தால் எடைக்கு மிகச் சூடு, ஆனால் நனைந்தால் இறகு கட்டிதட்டிச் சூடு போய்விடும். விழுந்து எழும் புதியவர்களுக்குப் பாலியஸ்டர் பஞ்சே நல்லது.

எத்தனை அடுக்கு என்ற கேள்விக்கு வருகிறேன். கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும். அறை வாசலில் நிற்கும்போது இதமாக இருந்தால் ஒன்று அதிகம் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், பத்து நிமிடத்தில் வேர்க்கும். இதை என் முதல் பயிற்சியாளர் தினமும் காலையில் சொல்வார், இரண்டாவது தடவை போனபோதுதான் நான் கேட்டேன். வெயில் நாளில், கீழ்ச்சரிவில், முதல் அடுக்கும் வெளி ஜாக்கெட்டுமே எனக்குப் போதுமாக இருந்தது, ஃப்ளீஸ் பையில் கிடந்தது. காற்றும் பனிப்பொழிவும் உள்ள நாளில் மூன்றும் வேண்டியிருந்தது. கோண்டோலா என்னும் கம்பிவட வண்டியில் மேலே போவதாக இருந்தால் கணக்கு வேறு. குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர், அந்த வண்டி போய் நிற்கும் அஃபர்வாட் மேல்நிலையம் 3,950 மீட்டருக்குப் பக்கம். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்று வைத்தால், கீழே மைனஸ் 3 இருக்கும்போது மேலே மைனஸ் 11 அல்லது 12, அதோடு மறைவே இல்லாத காற்று. அங்கே எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு போங்கள்.

காலுக்கு: உள்ளே ஒரு மெல்லிய பாலியஸ்டர் தெர்மல் பேன்ட், மேலே தண்ணீர் ஊறாத பேன்ட். ஜீன்ஸ் கூடவே கூடாது, அதுவும் காட்டன்தான், பனியில் ஒருமுறை உட்கார்ந்தால் முடிந்தது. சாக்ஸ் விஷயத்தில் எல்லோரும் செய்யும் தப்பு இரண்டு ஜோடி போடுவது. சறுக்கு பூட்ஸ் பிளாஸ்டிக் பெட்டி மாதிரி, விரியாது. இரண்டாவது சாக்ஸ் காலை அழுத்தி இரத்த ஓட்டத்தைக் குறைக்கும், விரல் இன்னும் சில்லிடும். முழங்கால்வரை வரும் கம்பளி கலந்த சாக்ஸ் ஒரே ஒன்று, சுருக்கம் இல்லாமல். தெர்மல் பேன்ட்டின் கீழ்முனையைப் பூட்ஸுக்குள் திணிக்காதீர்கள், அந்த மடிப்பு கணைக்கால் எலும்பில் நாள் முழுக்க அழுத்திப் புண்ணாக்கும். காலையில் புது சாக்ஸ் பூட்ஸ் போடும் இடத்தில்தான் மாற்ற வேண்டும், நடந்து வந்த சாக்ஸில் ஏற்கனவே ஈரம் இருக்கும்.

கைக்கு நூல் கையுறை உதவாது. விழுந்ததும் கை ஊன்றுவீர்கள், நனைந்துவிடும். தண்ணீர் ஊறாத, பஞ்சு வைத்த கையுறை வாங்குங்கள், இதில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். விரல்கள் எல்லாம் ஒரே அறையில் இருக்கும் மிட்டன் வகை இன்னும் சூடு, மகனுக்கு அதுதான். தலையில் இருந்துதான் உடம்பின் பாதிச் சூடு போகிறது என்று சொல்வார்கள், அது உண்மையில்லை. தலை உடம்புப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, சூடும் கிட்டத்தட்ட அந்த அளவுதான் போகும். ஆனாலும் காது உறையும் என்பதால், ஹெல்மெட்டுக்குள் அடங்கும் மெல்லிய குல்லாய் வேண்டும். நம்ம குரங்குக் குல்லாய் ஹெல்மெட்டுக்குள் போகாது, சாயங்காலக் கடைவீதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கருப்புக்கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் மறக்க வேண்டாம், புதுப்பனி வெயிலின் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி முகத்தில் அடிக்கும்.

மகனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எடைக்குக் குழந்தைகளின் உடல்பரப்பு அதிகம், பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூடு இழப்பார்கள். விளையாட்டு ஜோரில் சொல்லவும் மாட்டார்கள். அவனுக்கு உங்களைவிட ஒரு அடுக்கு கூடுதல், கையுறை இரண்டு ஜோடி. அரைமணிக்கு ஒருமுறை கூப்பிட்டுக் கன்னம், மூக்கு நுனி, விரல்களைப் பாருங்கள். தோல் வெளுத்து மரத்துப்போயிருந்தால் தேய்க்காதீர்கள், பனியை வைத்துத் தேய்ப்பது இன்னும் கெடுதல். உள்ளே கூட்டிப்போய் உங்கள் அக்குளில் அவன் கையை வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கம் நிற்காமல் இருப்பது, பேச்சு குழறுவது, ஜிப்பைக்கூடப் போட முடியாமல் தடுமாறுவது, இதில் எதைப் பார்த்தாலும் அன்றைய பாடம் முடிந்தது என்று அறைக்குப் போய்விடுங்கள், ஈரத்துணியை முதலில் மாற்றுங்கள். மாற்றிய பிறகும் தெளியவில்லை என்றால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். யாருக்காவது ஆஸ்துமாவோ, குளிரில் விரல் வெளுக்கும் தொந்தரவோ இருந்தால் கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரைப் பாருங்கள், அந்த இடத்தில் துணிக்காரன் சொல் போதாது.

எதையும் என் வார்த்தைக்காக நம்ப வேண்டாம், வீட்டிலேயே சோதிக்கலாம். தம்பி தரும் காட்டன் தெர்மல் ஒன்று, பாலியஸ்டர் ஒன்று, இரண்டையும் சமையலறைத் தராசில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நனைத்து வாஷிங்மெஷினில் ஒன்றாகச் சுழலவிட்டு மறுபடி எடை போடுங்கள், ஒரு மணி நேரம் நிழலில் காயப்போட்டு இன்னொரு முறை. மூன்று எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் கிளம்புவதற்கு முன் ஒரு விடியற்காலை ஊட்டி போய்விட்டு வாருங்கள். ஜனவரியில் அங்கே புல்வெளியில் உறைபனி படியும். முழு உடையோடு தொட்டபெட்டா ரோட்டில் அரைமணி வேகமாக ஏறி, பிறகு காற்றடிக்கும் இடத்தில் இருபது நிமிடம் அசையாமல் நில்லுங்கள். குல்மார்க்கின் ஈரமும் நிற்பதும் எப்படி இருக்கும் என்று உடம்புக்கே தெரிந்துவிடும், குறையைச் சரிசெய்யவும் நாள் இருக்கும்.

அறையில் புகாரி என்று விறகடுப்பு வைப்பார்கள். துணியையும் கையுறையையும் அதிலிருந்து தள்ளிக் கொடியில் போடுங்கள், பாலியஸ்டர் தகரத்தில் பட்டால் உருகும். பூட்ஸுக்குள் நடந்தபோது சேர்ந்த ஈரத்துக்குச் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைத்தால் காலைக்குள் உறிஞ்சிவிடும். தூங்கும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். மூடிய அறையில் கரியோ விறகோ எரிந்தால் வரும் நச்சுவாயுவுக்கு மணமே கிடையாது, குளிருக்கு அஞ்சி எல்லாவற்றையும் சாத்திவிடாதீர்கள். அந்த நேரத்துக்குத்தான் தம்பியின் காட்டன் தெர்மல்.

தம்பி பாலியஸ்டரில் ஏதாவது எடுத்து வைத்தால், உள்லேபிளில் உள்ள இழை விகிதமும் ஜி.எஸ்.எம்.மும் என்னவென்று எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். மகனின் உயரம், எடையையும் சேர்த்து எழுதுங்கள். சிறுவர் அளவில் போலார் ஃப்ளீஸ் திருப்பூரில் கிடைப்பது கொஞ்சம் சிரமம், லூதியானாவில் இருந்து வருவது கோவைக் கடைகளில் இருக்கும், அதற்கு எந்த அளவு கேட்பது என்று சொல்ல வசதியாக இருக்கும்.